புற்றுநோய் மருத்துவத்தில் கணிப்பொறியும் நோயாளியின் குரலும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

புற்றுநோய் மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவின் பயன்பாடு குறித்து நோயாளிகளும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினரும் என்ன கருதுகின்றனர் என்னும் வினா அண்மைக் காலத்ததாகத் தோன்றும். ஆயினும் அவ்வினாவின் உட்கூறுகளான உண்மையை அறியும் உரிமை, ஒப்புதல் அளிக்கும் உரிமை, பொறுப்பை ஏற்பவர் யார் என்னும் கேள்வி ஆகியவை 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே உருப்பெற்று வந்தவை. மருத்துவக் கணிப்பொறியின் வரலாற்றில் மருத்துவரின் கருத்து முதலில் கேட்கப்பட்டதையும், நோயாளியின் கருத்து நெடுங்காலம் கேட்கப்படாமல் விடப்பட்டதையும் இக்கட்டுரை முதன்மையாக அமெரிக்கச் சான்றுகளைக் கொண்டு ஆராய்கிறது. தேவையான இடங்களில் ஐரோப்பிய, இந்தியச் சான்றுகளும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: புற்றுநோய், செயற்கை நுண்ணறிவு, நோயாளி ஒப்புதல், பராமரிப்பாளர், மேமோகிராம், மருத்துவ வரலாறு.

முன்னுரை

1961-ஆம் ஆண்டு டொனால்ட் ஓக்கன் என்னும் மருத்துவர், சிகாகோவில் உள்ள மைக்கேல் ரீஸ் மருத்துவமனையைச் சார்ந்த 219 மருத்துவர்களிடம் ஒரு கேள்வியை முன்வைத்தார். புற்றுநோய் என்று உறுதியான பின் அதனை நோயாளியிடம் கூறுவீர்களா என்பதே அது. ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கூறாதிருப்பதே தம் வழக்கம் என்றனர். 1979-இல் வேறோர் ஆய்வுக்குழு ஏறத்தாழ அதே கேள்வியைக் கேட்டபோது 97 விழுக்காட்டு மருத்துவர்கள் கூறுவோம் என்றனர். பதினெட்டு ஆண்டுகளுக்குள் ஒரு தொழிலின் வழக்கம் இவ்வாறு தலைகீழாக மாறியது மருத்துவ வரலாற்றில் அரிதாகவே நிகழ்ந்துள்ளது. இவ்விரண்டு ஆய்வுகளிலும் கேள்விக்கு விடையளித்தோர் மருத்துவர்களே என்பதும் உடன் குறிக்கத்தக்கது.

கணிப்பொறி மருத்துவத்திற்குள் நுழைந்ததும் இதே காலப்பகுதியில்தான். இவ்விரு வரலாறுகளும் பெரும்பாலும் தனித்தனியே எழுதப்பட்டு வந்துள்ளன. அவற்றை ஒருங்கே வைத்து நோக்கும்போதுதான் இன்றைய நோயாளி இயந்திரத்தின்மீது எழுப்பும் ஐயங்களின் வேர் புலப்படும்.

மயக்க மருந்துக்கு முன் இட்ட கையொப்பம்

மார்பகப் புற்றுநோய்க்கு வில்லியம் ஹால்ஸ்டெட் 1894-இல் வெளியிட்டுப் பரப்பிய முழுமையான அறுவை, மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள மார்புத் தசைகளையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் அகற்றுவதாகும். அமெரிக்காவில் இம்முறை முக்கால் நூற்றாண்டுக் காலம் பெரிதும் கேள்விக்கு உட்படாமல் கோலோச்சியது. அறுவையின் அளவினும் ஒப்புதல் பெறப்பட்ட விதமே இங்குக் கருதத்தக்கது. கட்டியுடன் வந்த பெண்ணுக்கு மயக்க மருந்து அளிக்கப்படும். திசு எடுக்கப்பட்டு உடனடியாகச் சோதிக்கப்படும். புற்று எனத் தெரிந்தால் அதே மயக்கத்திலேயே மார்பகம் அகற்றப்படும். கண்விழித்த பின் மார்பைத் தடவிப் பார்த்தே அப்பெண் தன் நோயை அறிந்துகொள்வார். படிவத்தில் அவர் இட்ட கையொப்பம் இன்னதென்று அறியாத ஒன்றுக்கு இட்ட கையொப்பமாகவே இருந்தது.

1974-இல் இவ்வழக்கத்தை எதிர்கொண்டவர் ரோஸ் குஷ்னர் என்னும் இதழாளர். திசு ஆய்வு ஒரு நாளிலும், அதன் முடிவை அறிந்து தாம் முடிவெடுத்த பின் சிகிச்சை மற்றொரு நாளிலும் நடைபெற வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அறுவை மருத்துவர் பலர் அதற்கு இணங்கவில்லை. தாம் திரட்டிய தரவுகளை 1975-இல் நூலாக வெளியிட்டார். 1979-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய கருத்தொருமைக் கூட்டத்தின் குழுவில் அவர் இடம்பெற்றார். திசு ஆய்வையும் சிகிச்சையையும் இரு கட்டங்களாகப் பிரிக்க அக்கூட்டம் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலம், மார்பகப் புற்றுநோயாளிக்கு மாற்றுச் சிகிச்சை முறைகளை மருத்துவர் எடுத்துரைக்க வேண்டும் என்று சட்டமியற்றியது. பெர்னார்ட் ஃபிஷர் 1971 முதல் நடத்திய ஒப்பீட்டு ஆய்வுகள் சிறிய அறுவையும் போதுமானது என்பதைப் பின்னர் உறுதிப்படுத்தின. எனினும் 1976-இல் தொடங்கிய, கட்டியை மட்டும் அகற்றும் முறை பற்றிய ஆய்வின் முடிவு 1985-இல்தான் வெளிவந்தது. அம்முடிவுக்கு ஆறு ஆண்டுகள் முன்பே, குஷ்னரும் அவரையொத்த பெண்களும் தமக்கான முடிவைத் தாமே எடுக்கும் உரிமையை வென்றிருந்தனர்.

யாரிடம் கேட்கப்பட்டது?

1959-இல் ராபர்ட் லெட்லி, லீ லஸ்டெட் ஆகிய இருவரும் நோயறிதலின் தருக்க அடிப்படைகளைப் பற்றி ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, மருத்துவரின் சிந்தனையைக் கணித வடிவில் எழுத இயலும் என்னும் கருத்துக்கு அடித்தளமிட்டது. 1967-இல் மார்பக ஊடுகதிர்ப் படங்களைக் கணிப்பொறியால் படிக்கும் முயற்சி கதிரியல் இதழொன்றில் வெளிவந்தது. 1981-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் மருத்துவப் பிரிவில் ‘ஆன்கோசின்’ என்னும் வல்லுநர் அமைப்பு பயன்பாட்டுக்கு வந்தது. கீமோதெரபி மருந்தின் அளவையும் கால இடைவெளியையும் ஆய்வு நெறிமுறைக்கு ஏற்பப் பரிந்துரைப்பது அதன் பணி.

அவ்வமைப்பை உருவாக்கியவர்களுள் ஒருவரான எட்வர்ட் ஷார்ட்லிஃப் அதே ஆண்டில் வேறோர் ஆய்வையும் வெளியிட்டார். கணிப்பொறியின் ஆலோசனையைப் பற்றி மருத்துவர்கள் என்ன கருதுகின்றனர் என்பதே அதன் பொருள். தன் பரிந்துரைக்கான காரணத்தை விளக்க இயலாத கணிப்பொறியை ஏற்க மருத்துவர்கள் விரும்பவில்லை. இக்கண்டறிதல் ஆன்கோசினின் வடிவமைப்பிலும் எதிரொலித்தது. விளக்கம் கேட்கும் உரிமை இவ்வாறு மருத்துவருக்குக் கிட்டியது. அம்மருந்தைத் தன் நரம்பில் ஏற்றிக்கொள்ள இருந்தவரிடம் எவரும் கேட்கவில்லை. அக்காலத்து ஆய்வாளரின் நோக்கில் கணிப்பொறியின் பயனர் மருத்துவர். நோயாளி கணிப்பொறிக்குள் இடப்படும் தரவு. இது தனி மனிதர் எவரது அலட்சியமும் அன்று. துறை தன்னைப் புரிந்துகொண்டிருந்த விதம் அத்தகையது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வார்னர் ஸ்லாக் 1960-களின் நடுவில் நோயாளியையே கணிப்பொறியின் முன் அமர்த்தினார். திரையில் தோன்றும் வினாக்களுக்கு நோயாளி விசைப்பலகை வழியே விடையளிப்பார். இயந்திரம் நோய் வரலாற்றைத் தொகுக்கும். இம்முயற்சி 1966-இல் வெளியிடப்பட்டது. 1968-இல், அவ்வாறு வினவப்பட்டதைப் பற்றி நோயாளிகள் என்ன உணர்ந்தனர் என்பதையும் ஸ்லாக் தனிக் கட்டுரையாக எழுதினார். மருத்துவ அமைப்பில் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் வளம் நோயாளியே என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய கருத்து. அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் அவரது கணிப்பொறியைப் பின்பற்றிய அளவுக்கு அவரது கேள்வியைப் பின்பற்றவில்லை.

அறியாமல் படிக்கப்பட்ட படங்கள்

1998-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மேமோகிராம் படிப்பதற்குக் கணிப்பொறித் துணை அமைப்பொன்றுக்கு ஒப்புதல் அளித்தது. படத்தில் ஐயத்திற்குரிய இடங்களை அது குறியிட்டுக் காட்டும். கதிரியல் மருத்துவர் அவ்விடங்களை மீண்டும் நோக்குவார். 2000-களின் தொடக்கம் முதல் அரசின் மெடிகேர் காப்பீடு இதற்குக் கூடுதல் கட்டணம் வழங்கியது. 2004-இல் மெடிகேர் பயனாளிகளின் மேமோகிராம்களுள் 39 விழுக்காட்டில் பயன்பட்ட இவ்வமைப்பு 2008-இல் 74 விழுக்காட்டை எட்டியது. கட்டணம் சென்ற வழியிலேயே தொழில்நுட்பமும் சென்றது எனலாம்.

பயன் எவ்வளவு? ஜோஷுவா ஃபெண்டன் குழுவினர் 43 மையங்களில் 2,22,135 பெண்களின் படங்களை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவு எதிர்பாராதது. இவ்வமைப்பை ஏற்ற மையங்களில் ஒட்டுமொத்தத் துல்லியம் குறைந்திருந்தது. திசு ஆய்வுக்கு அனுப்பப்பட்டோரின் விகிதம் ஏறத்தாழ 20 விழுக்காடு உயர்ந்திருந்தது. புற்றுநோயைக் கண்டறியும் விகிதத்தில் ஐயத்திற்கிடமற்ற முன்னேற்றம் இல்லை. 2015-இல் கான்ஸ்டன்ஸ் லேமன் தலைமையில் 3,23,973 பெண்களைக் குறித்து நிகழ்ந்த ஆய்வும் துல்லியத்தில் மேம்பாடு எதையும் காணவில்லை.

திசு ஆய்வு உயர்ந்தது என்னும் ஒற்றை வரிக்குப் பின் மனிதர்கள் உள்ளனர். மீண்டும் வருமாறு தொலைபேசி அழைப்பு, ஊசி, முடிவு வரும்வரை உறக்கமற்ற இரவுகள், வேலைக்கு விடுப்பெடுத்து உடன்வரும் கணவனோ மகளோ ஆகிய எவையும் அப்புள்ளிவிவரத்தில் இடம்பெறுவதில்லை. கணிப்பொறி தம் படத்தில் இட்ட குறியே தம்மை மீண்டும் அழைத்தது என்பதை அவர்களுள் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. குஷ்னர் காலத்துப் பெண் மயக்கத்தில் அறியாதிருந்தார். இப்பெண் விழித்திருந்தும் அறியாதிருந்தார்.

ஒப்புமை என்னும் அளவுகோல்

2010-களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ‘வாட்சன் ஃபார் ஆன்காலஜி’ உலகெங்கும் பேசப்பட்டது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தின் மருத்துவர்கள் அதற்குப் பயிற்சி அளித்தனர். இந்தியாவில் மணிப்பால் மருத்துவமனைகள் அதனை ஏற்றன. பெங்களூரில் 638 மார்பகப் புற்றுநோயாளிகளின் சிகிச்சையை வாட்சனின் பரிந்துரையோடு ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வு 93 விழுக்காடு ஒப்புமையைக் காட்டியது. அதே ஆண்டில், பாதுகாப்பற்ற பரிந்துரைகள் சிலவற்றை வாட்சன் அளித்ததாகவும், உண்மை நோயாளிகளைவிடக் கற்பனையாக அமைக்கப்பட்ட நேர்வுகளைக் கொண்டே அது பெரிதும் பயிற்றுவிக்கப்பட்டதாகவும் நிறுவனத்தின் உள் ஆவணங்களை மேற்கோள் காட்டி அமெரிக்க இதழொன்று எழுதியது. 2022-இல் ஐ.பி.எம். தன் மருத்துவத் தரவுப் பிரிவை விற்றது.

வாட்சனின் வீழ்ச்சியைவிட அதனை அளந்த அளவுகோலே வரலாற்றாசிரியருக்கு முக்கியமானது. ஒப்புமை என்பது மருத்துவர் குழுவுக்கும் இயந்திரத்துக்கும் இடையிலானது. நியூயார்க் மருத்துவர்களின் தேர்வுகளைக் கற்ற இயந்திரம் பெங்களூர் மருத்துவர்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதையே அது கூறும். அச்சிகிச்சையைத் தொடரக் குடும்பம் நிலத்தை விற்க வேண்டியிருக்குமா, மாதம் இருமுறை தொலைவிலுள்ள ஊரிலிருந்து வந்து போக இயலுமா என்பன அவ்வளவுகோலுக்கு வெளியே நிற்கும் கேள்விகள். மருத்துவச் செலவின் பெரும்பங்கைக் குடும்பமே சுமக்கும் நாட்டில் பராமரிப்பாளரின் முதற்கேள்விகள் இவையே.

நோயாளியின் விடை

நோயாளிகளிடம் நேரடியாகக் கேட்கும் ஆய்வுகள் 2020-ஐ ஒட்டித்தான் பெருகின. அவற்றின் விடைகள் ஒருமுகமானவை அல்ல. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் தோல் புற்றுநோய்ப் பரிசோதனை குறித்து 48 பேரிடம் நேர்காணல் நிகழ்த்தப்பட்டது. தோல் புற்றுநோய் ஏற்பட்டவர்களும் ஏற்படாதவர்களும் அவர்களுள் அடங்குவர். 75 விழுக்காட்டினர் இத்தகைய கருவியை உற்றாருக்குப் பரிந்துரைப்போம் என்றனர். ஆனால் 94 விழுக்காட்டினர் மனிதரும் இயந்திரமும் இணைந்து இயங்குவதை முதன்மைப்படுத்தினர். நெதர்லாந்தில் 922 பெண்களிடம் நிகழ்ந்த கணக்கெடுப்பில், கதிரியல் மருத்துவர் இன்றி இயந்திரம் மட்டுமே மேமோகிராம் படிப்பதை 77.8 விழுக்காட்டினர் ஏற்கவில்லை. பியூ ஆய்வு மையம் 2023-இல் வெளியிட்ட அமெரிக்கக் கருத்துக்கணிப்பில், தம் மருத்துவர் செயற்கை நுண்ணறிவைச் சார்ந்திருப்பது தமக்கு ஒவ்வாது என்றோர் 60 விழுக்காட்டினர். தோல் புற்றுநோய்ப் பரிசோதனையில் அதனை விரும்புவோர் 65 விழுக்காட்டினர்.

இவ்விரு எண்களையும் முரண் எனக் கொள்ளுதல் பிழையாகும். தெளிவாக வரையறுக்கப்பட்ட ஒரு பணிக்குக் கருவியை ஏற்பதும், தம் உடல் பற்றிய பொறுப்பைக் கருவியிடம் ஒப்படைக்க மறுப்பதும் ஒரே மனத்தில் நிலவக்கூடிய நிலைப்பாடுகள். 2019-இல் நுகர்வோர் உளவியல் ஆய்வாளர் சிலர் இத்தயக்கத்துக்கு ஒரு காரணம் கூறினர். தம் நேர்வு பிறரினின்று வேறுபட்டது, அவ்வேறுபாட்டை இயந்திரம் காணாது என்று மக்கள் கருதுகின்றனர் என்பதே அது. புற்றுநோயாளியின் நிலையில் இது வெறும் மனச்சாய்வு அன்று. பயிற்சித் தரவுகளில் தம் இனத்தாரோ தம் நாட்டாரோ போதிய அளவில் இடம்பெறாதபோது அவ்வச்சம் அறிவியல் அடிப்படையும் உடையது.

ஸ்வீடனில் 80,033 பெண்களைக் கொண்டு நிகழ்ந்த ‘மசாய்’ ஆய்வு 2023-இல் தன் முதல் முடிவுகளை வெளியிட்டது. செயற்கை நுண்ணறிவின் துணையோடு படிக்கப்பட்ட பிரிவில் ஆயிரம் பெண்களுக்கு 6.1 புற்றுநோய்களும், இரு மருத்துவர்கள் படிக்கும் வழக்கமான பிரிவில் 5.1 புற்றுநோய்களும் கண்டறியப்பட்டன. மருத்துவர் படிக்கும் பணிச்சுமை 44 விழுக்காடு குறைந்தது. 1998-இன் அமைப்பு நிறைவேற்றாத வாக்குறுதியை இப்புதிய தலைமுறை நிறைவேற்றக்கூடும் என்பதற்கு இது வலுவான சான்று. எனவே நோயாளியின் தயக்கத்தைத் தொழில்நுட்பத்தின் தோல்வியைக் கொண்டு மட்டும் நியாயப்படுத்த இயலாது. வெற்றிபெறும் இயந்திரத்தைப் பற்றியும் அறிவிக்கப்படும் உரிமை அவருக்கு உண்டா என்பதே எஞ்சும் வினா.

அவ்வினா கூர்மையடையும் இடம் இறப்புக் கணிப்பாகும். பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவ அமைப்பில் 2019-இல், அடுத்த ஆறு மாதங்களுக்குள் இறக்கும் வாய்ப்பு மிகுந்த புற்றுநோயாளிகளை ஒரு நிரல் கணித்து, அவர்களுடன் வாழ்வின் இறுதிக்கட்ட விருப்பங்களைப் பேசுமாறு மருத்துவருக்கு நினைவூட்டியது. அத்தகைய நோயாளிகளிடம் உரையாடல் நிகழ்ந்த விகிதம் 3.6 விழுக்காட்டிலிருந்து 15.2 விழுக்காடாக உயர்ந்தது. இது பெறுமதியுடைய பயன். இறுதி நாட்களைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கழிக்க விரும்பாத ஒருவருக்கு அவ்வுரையாடல் மிகத் தேவை. ஆயினும் நினைவூட்டல் சென்றது மருத்துவருக்கு. ஓக்கனின் மருத்துவர் தாம் அறிந்ததை நோயாளியிடம் கூறவில்லை. இங்கு இயந்திரம் கணித்ததைக் கூறுவதா வேண்டாவா என்பது மீண்டும் மருத்துவரின் கையிலேயே விடப்பட்டது.

பராமரிப்பாளர் உருவாக்கியவை

நோயாளியும் பராமரிப்பாளரும் கருத்துரைப்போராக மட்டும் இருந்ததில்லை. சென்னை அடையாற்றில் 1952-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1954-இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் எழுந்தது. 1990-களில் கில் ஃபிரீட்மன் தம் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பின், நோயாளிகளும் குடும்பத்தினரும் மின்னஞ்சல் வழியே மருத்துவத் தகவல்களைப் பகிரும் அமைப்பொன்றை நிறுவினார். 2007-இல் சிறுநீரகப் புற்றுநோய்க்கு ஆளான டேவ் டிபிரான்கார்ட், தமக்குரிய சிகிச்சை பற்றிய தகவலை அவ்வமைப்பின் உறுப்பினர்களிடமிருந்தே பெற்றார்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் மொழியியல் கணிப்பொறி ஆய்வாளரான ரெஜினா பார்சிலே 2014-இல் மார்பகப் புற்றுநோயாளியானார். அன்றாட வணிகத்தில் வழக்கமாகிவிட்ட தரவாய்வு முறைகள் தம் சிகிச்சை அறையில் இல்லாததைக் கண்ட அவர், குணமடைந்த பின் தம் ஆய்வுத்துறையையே மாற்றிக்கொண்டார். மேமோகிராமிலிருந்து வருங்கால இடரைக் கணிக்கும் ‘மிராய்’ அவரது குழுவின் ஆக்கம். அமெரிக்கா, ஸ்வீடன், தைவான் ஆகிய நாடுகளின் படங்களைக் கொண்டு சோதிக்கப்பட்டு 2021-இல் வெளியிடப்பட்டது. இம்முயற்சியில் அவருடன் இணைந்த கதிரியல் மருத்துவர்களுள் ஒருவர், பழைய கணிப்பொறித் துணை அமைப்பு பயனற்றது என்று 2015-இல் நிறுவிய அதே கான்ஸ்டன்ஸ் லேமன்.

கையில் உள்ள திரை

2021 ஏப்ரல் முதல் அமெரிக்காவில் பரிசோதனை முடிவுகள் தாமதமின்றி நோயாளியின் இணையக் கணக்கில் வெளியிடப்படுகின்றன. நோயாளிகளும் பராமரிப்பாளர்களுமாக 8,139 பேர் விடையளித்த ஆய்வொன்றில், மருத்துவர் விளக்குமுன் முடிவைக் காண நேரினும் உடனே அறியவே விரும்புவதாக ஏறத்தாழ 96 விழுக்காட்டினர் தெரிவித்தனர். அவ்வாறு கிட்டும் அறிக்கையின் பொருளை உரையாடும் செயலியிடம் கேட்பது அடுத்த படி. அச்செயலியின் விடைகள் எத்தகையன என்பதை 2023-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் 104 வினாக்களைக் கொண்டு சோதித்தனர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகளில் ஏற்கப்பட்ட வழிகாட்டுதலுக்கு ஒவ்வாத சிகிச்சை ஒன்றேனும் இருந்தது. சரியான பரிந்துரையும் தவறான பரிந்துரையும் ஒரே விடையில் கலந்திருந்ததால், துறை அறியாதவர் அவற்றைப் பிரித்தறிவது கடினம்.

இந்தியச் சூழலில் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு அறநெறி வழிகாட்டுதல் நோயாளியின் தன்னாட்சியையும் மனிதக் கண்காணிப்பையும் வலியுறுத்துகிறது. தன்னாட்சி என்பது அங்குத் தனி மனிதரின் உரிமையாகக் கருதப்படுகிறது. தமிழகக் குடும்பங்களிலோ நோயின் பெயரை மகனோ மகளோ முதலில் அறிந்து, ‘அம்மாவிடம் சொல்ல வேண்டாம்’ என்று மருத்துவரை வேண்டிக்கொள்வதும், வீட்டில் ‘கட்டி’ என்ற சொல்லோடு பேச்சை நிறுத்திக்கொள்வதும் இன்றும் காணக்கூடியவை. ஓக்கன் கணக்கெடுத்த மௌனம் மருத்துவருடையது. இம்மௌனம் அன்பினால் குடும்பம் காப்பது. ஆங்கிலத்தில் அமைந்த அறிக்கையைப் படமெடுத்து அதன் பொருளைத் தமிழிலேயே கேட்கும் வாய்ப்பு இன்று அந்த அம்மாவின் கைப்பேசியிலும் உள்ளது. அவர் கேட்டால் செயலி குடும்பத்தின் அனுமதிக்காகக் காத்திராது. மருத்துவரைப் போல முகம் பார்த்துச் சொல்லை அளந்து கூறவும் செய்யாது.

இதனை உரிமையின் வெற்றி என்று குஷ்னரின் வழிவந்தோர் கூறலாம். விடை தவறாக இருக்கும் நேர்வில், அத்தவற்றைத் தனியே எதிர்கொள்பவரும் அவரே. பராமரிப்பாளர்களின் கருத்தை அறிய முற்படும் கணக்கெடுப்புகள் இயந்திரத்தை நம்புகிறீர்களா என்று கேட்கின்றன. நோயாளிக்குத் தெரியாமல் காத்து வந்த செய்தியை இயந்திரம் கூறிவிட்டால் அதன் பின் வீட்டில் என்ன பேசுவீர்கள் என்னும் வினா, மேலே எடுத்துக்காட்டப்பட்ட வினாநிரல்கள் ஒன்றிலும் மையமாக அமையவில்லை.